அறுகோணமா, செவ்வகமா, சதுரமா? தளர்வான குரோஷே மேலங்கிக்கு ஏற்ற வடிவம்

உடைக்கு மேல் போட்டுக்கொள்ளும், முன்பக்கம் திறந்த தளர்வான கார்டிகனைக் குரோஷேவில் (கொக்கி ஊசியால்) பின்ன விரும்புகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் இருப்பவருக்கு அது அழகாக அமைந்திருக்கும். ஆனால் நம் மார்பளவு வேறு, கையின் பருமன் வேறு, முதுகின் அகலம் வேறு. வடிவத்தை முடிவு செய்யும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தெந்த அளவுகளைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ள இந்த வடிவம் இடம் தருகிறது? பின்னுவது சுலபமா, அழகா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அறுகோணம். இரண்டு பெரிய அறுகோணங்களைப் பின்னி, ஒவ்வொன்றையும் 'ட' போன்ற வடிவில் மடித்து, தோளிலிருந்து கை விளிம்பு வரை மேல் ஓரத்தை இணைத்து, இரண்டையும் முதுகின் நடுவில் சேர்த்துவிட்டால் கார்டிகன் தயாராகிவிடும். குரோஷேவில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். இங்கே பின்னுவது தட்டையாகப் படியும் அறுகோணம் அல்ல. கிரானி சதுரத்தின் (மையத்திலிருந்து சுற்றுச் சுற்றாக வெளிநோக்கிப் பின்னும் சதுரம்) மூலையை நான்கு இடங்களுக்குப் பதிலாக ஆறு இடங்களில் வைக்கிறோம். சதுரத்தில் ஒவ்வொரு மூலைத் துண்டும் மையத்தில் 90 பாகை பிடிக்கும். நான்கு சேர்ந்து 360 பாகை ஆவதால் துணி தட்டையாகக் கிடக்கும். ஆறு துண்டுகள் என்றால் 540 பாகை. அவ்வளவு துணி தரையில் படியாது, நெளிந்து எழும். மடித்துப் போட்டால் மேலடுக்கில் 270, கீழடுக்கில் 270 என்று பிரிந்து கச்சிதமாகப் படிந்துவிடும். அறுகோணம் அலையலையாக நிற்கிறதே என்று பயந்து பிரித்துவிடுபவர்கள் உண்டு. சரியாகப் பின்னினால் அது அப்படித்தான் நிற்கும். தட்டையாகப் படிந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரட்டைக் குரோஷேவில் (நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி), மூலைக்கு நான்கு கண்ணிகள் வீதம் சுற்றுக்கு 24 கண்ணிகள் கூடுகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வடிவத்தின் அழகும் சிக்கலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அறுகோணத்தின் ஒரு பக்கத்து நீளமே எல்லா அளவுகளையும் தீர்மானிக்கிறது. பக்கம் 50 செ.மீ. என்றால் தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை 50, முதுகின் நடுவிலிருந்து கை விளிம்பு வரை 50, கையின் சுற்றளவு 50, உடம்பைச் சுற்றி 100. மார்பு 80 செ.மீ. உள்ளவருக்கு இது நன்றாகவே பொருந்தும். முழங்கை அருகில் முடியும் கையையும் இடுப்பருகே முடியும் உடலையும் சில வரிசைகள் சேர்த்து நீட்டிக்கொண்டால் போதும். மார்பு 100 செ.மீ. உள்ளவருக்கு 20 செ.மீ. தளர்வு சேர்த்து 120 வேண்டுமானால் பக்கம் 60 ஆகிறது. அப்போது கையின் சுற்றளவும் 60 ஆகிவிடும். மேற்கையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு துணி அக்குளில் தொங்கும். மேலே இன்னொரு கோட் போட்டால் அது அப்படியே சுருண்டு திரண்டுகொள்ளும்.

இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. பின்னல் குறிப்புகளில் இதை வெளிப்படையாகச் சொன்னால் எவ்வளவோ பேருக்கு உதவியாக இருக்கும். பக்கம் 46 செ.மீ. ஆனதும் அறுகோணத்தை நிறுத்திவிடுங்கள். உடம்பைச் சுற்றி 92 கிடைத்திருக்கும்; இன்னும் 28 தேவை. முதுகுப் பக்கத்து விளிம்பிலும் முன்புற விளிம்பிலும் தலா 7 செ.மீ. நேர் வரிசைகளாகப் பின்னினால், இரண்டு அறுகோணங்களுக்கும் சேர்த்து அந்த 28 வந்துவிடும். கை 46 சுற்றளவோடு நின்றுவிடும்.

நூல் கணக்கிலும் அறுகோணம் ஏமாற்றும். பாதிச் சுற்றுகள் முடிந்த நிலையில் நூலில் ஏறத்தாழக் கால் பங்குதான் செலவாகியிருக்கும், ஏனென்றால் வெளிச்சுற்றுகள் நீண்டுகொண்டே போகின்றன. ஒரே சாயத் தொகுப்பைச் சேர்ந்த நூலை முன்கூட்டியே போதுமான அளவு வாங்கி வைக்காவிட்டால், கடைசிச் சுற்றுகளின் நிறம் வேறுபட்டுக் கண்ணை உறுத்தும்.

செவ்வகம் இதற்கு நேர் எதிர். முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு என ஐந்து பலகைகள். ஒவ்வொன்றின் நீளமும் அகலமும் உங்கள் விருப்பம். கை குறுகலாகவும் உடல் அகலமாகவும் வேண்டுமா, அப்படியே பின்னலாம். பாதி வரிசை முடிந்தால் பாதி நூல் போயிருக்கும் என்பதால் கணக்கும் எளிது. முதன்முறையாக உடை பின்னுபவருக்கு நான் சொல்வது செவ்வகத்தைத்தான், அதுவும் தயக்கமே இல்லாமல்.

ஆனால் செவ்வகத்தை அப்படியே தைத்துவிட்டால் கழுத்துக்கு இடமே இருக்காது. முதுகுப் பலகை 60 செ.மீ. என்றால் முன்பலகைகளை 30, 30 என்று பின்னத் தோன்றும். அப்படிச் செய்தால் துணி கழுத்தில் முட்டி, உடை முழுவதும் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே இருக்கும். முன்பலகையை 22 செ.மீ. அளவில் நிறுத்துங்கள். நடுவில் 16 செ.மீ. கழுத்துக்குக் கிடைக்கும். பிறகு முன்விளிம்புகளையும் கழுத்தையும் சேர்த்துச் சுற்றி ஒரு பட்டை பின்னினால் முன்பக்கம் நிரம்பிவிடும், பின்கழுத்தில் உடை பிடித்து நிற்கும். கை நீளத்தைத் தோளிலிருந்து அளக்கக் கூடாது, ஏனென்றால் 60 செ.மீ. முதுகு தோளைத் தாண்டி மேற்கையில் இறங்கி நிற்கும். முதுகின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து அதில் 30 கழியுங்கள். 72 வந்தால் கைப்பலகை 42.

செவ்வகத்தில் வரிசையின் திசையையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பலகையைப் பக்கவாட்டில் பின்னினால் வரிசைகள் செங்குத்தாக நிற்கும். கண்ணியின் பின்னிழையில் மட்டும் ஊசி நுழைத்து ஒற்றைக் குரோஷே (குட்டையான, நெருக்கமான கண்ணி) போட்டால், உடம்பைச் சுற்றி இழுபடும் தன்மையும் கிடைக்கும். அறுகோணத்தில் இந்தத் தேர்வுக்கு இடமில்லை. சுற்றுகள் போகும் திசையில்தான் துணி போகும். அதே சமயம், அக்குளில் தையலே இல்லாமல் வண்ணப் பட்டைகள் கையிலிருந்து உடலுக்குத் திரும்பி இறங்கும் அந்த அழகைச் செவ்வகம் ஒருபோதும் தராது. வண்ணம்தான் உங்களுக்கு முதன்மை என்றால் அறுகோணத்தோடு மல்லுக்கட்டுவதில் தவறில்லை.

சிறு சதுரங்களை ஒட்டிச் செய்வது மூன்றாவது வழி. பயணத்தில் பையில் போட்டு எடுத்துப் போகலாம், ஒன்று கெட்டால் அந்த ஒன்றைத்தான் பிரிக்க வேண்டும். அளவு மட்டும் முழு முழுச் சதுரங்களாகத்தான் மாறும். 15 செ.மீ. சதுரங்கள் எட்டைச் சுற்றி வைத்தால் 120. 112 வேண்டுமானால் ஒவ்வொரு சதுரத்தையும் 14 ஆக்க வேண்டும், அதாவது ஊசியைச் சிறியதாக்க வேண்டும். நூல் முனைகளை மறைக்கும் வேலையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு நிறத்துக்கு இரண்டு முனை. நான்கு நிறச் சதுரங்கள் அறுபது என்றால் 480 முனைகள். ஒவ்வொரு சதுரத்தையும் முடித்த கையோடு முனைகளை நுழைத்துவிட வேண்டும். கடைசிக்கு ஒத்திவைத்தால் உடை பாதியிலேயே பெட்டிக்குள் போய்விடும்.

ஒரே பெரிய செவ்வகத்தை இரண்டாக மடித்து, இரு ஓரங்களிலும் கை நுழைய இடம் விட்டுத் தைக்கும் புழுக்கூடு போன்ற வடிவ மேலாடையும் உண்டு. மிக விரைவில் முடியும், வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது போர்த்திக்கொள்ள இதமானது. கையை உயர்த்தி வேலை செய்பவருக்கு உதவாது, முன்பக்கமும் மூடாது.

எதைத் தேர்ந்தாலும் நூல் தன் பங்குக்கு அளவை மாற்றும். பருத்தி நூல் கனமானது. பெரிய உடையில் தன் எடையாலேயே கீழ்நோக்கி நீளும். கம்பளி மீள்தன்மை உள்ளது. அக்ரிலிக் எடை குறைவு, துவைப்பதும் சுலபம், ஆனால் இஸ்திரிச் சூடு பட்டால் உருக்குலைந்துவிடும். ஆகவே 15 செ.மீ. சதுர மாதிரி ஒன்றைப் பின்னித் துவைத்து, கொடியில் ஓரிரவு தொங்கவிட்ட பிறகே கண்ணிகளை எண்ணுங்கள். செவ்வக உடையில் தோள்தையல்தான் முழு எடையையும் தாங்குகிறது; அதைத் தளர்வாகக் கோக்காமல் ஒற்றைக் குரோஷேவால் நெருக்கமாக இணையுங்கள். அறுகோணத்திலும் தோளிலிருந்து கை விளிம்பு வரை போகும் மேல் இணைப்புக்கு இதே கவனம் தேவை. கழுத்துக்காக அந்த இணைப்பை முதுகின் நடுவுக்கு 8 செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.