சிடி லேபிள்: ஸ்டிக்கர் ஒட்டுவதா, வட்டின் மேலேயே அச்சிடுவதா?

பாட்டுப் பதிவுகளையும் பழைய குடும்ப வீடியோக்களையும் சிடி, டிவிடியில் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். முதலில் ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன், இப்போது வட்டிலேயே அச்சிடும் பிரிண்டர் வைத்திருக்கிறேன். இரண்டையும் புழங்கிய பிறகு, வட்டின் மேலேயே அச்சிடுவதுதான் என் கட்சி. அச்சாகி வந்த அன்று இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், வித்தியாசம் சில வருஷம் கழித்துத்தான் தெரியும் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செலவு விஷயத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஸ்டிக்கருக்கு இருக்கிற பிரிண்டரே போதும். நேரடியாக அச்சிட, எப்சன் எல்805, எல்8050 மாதிரி சிடி தட்டு உள்ள இங்க்ஜெட் பிரிண்டர் வேண்டும், கூடவே மேற்புறத்தில் வெள்ளைப் பூச்சு உள்ள 'பிரிண்டபிள்' வட்டும் வேண்டும். சாதாரண பளபளப்பான சிடியின் மேல் இங்க்ஜெட் மை நிற்காது, விரல் பட்டால் வழிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிடியில் தகவல் கீழ்ப்பக்கம், அதாவது பளபளக்கிற பக்கம் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் லேசர் கீழிருந்து 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போய், லேபிள் பக்கத்தை ஒட்டி இருக்கும் அடுக்கைத்தான் படிக்கிறது. அந்த அடுக்கின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு, அதன் மேல் ஒரு வார்னிஷ் பூச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. நாம் ஸ்டிக்கரை ஒட்டுவது அந்த வார்னிஷின் மேல். கோணலாக ஒட்டிவிட்டோமே என்று உரித்தால், பசை அந்த வார்னிஷோடு உலோகப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும், அதற்குக் கீழே இருந்த பதிவு போனது போனதுதான். கீழ்ப்பக்கக் கீறலையாவது பாலிஷ் போட்டு ஓரளவு மீட்கலாம், மேல்பக்கம் பெயர்ந்ததற்கு மருந்து கிடையாது.

சரி, உரிக்காமல் விட்டுவிட்டால்? அப்போதும் பசையும் தாளும் சும்மா இருப்பதில்லை. தாள் ஈரத்தை வாங்கி விரியும், காய்ந்தால் சுருங்கும், அந்த இழுப்பு வட்டை லேசாக வளைக்கும். ஓரம் மெல்லக் கிளம்பும், வெயிலில் நின்ற காருக்குள் பசை இளகும். ஸ்லாட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் வகை பிளேயரில் அப்படிக் கிளம்பிய ஓரம் மாட்டிக்கொண்டால் வட்டு வெளியே வராது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2003-ல் நூலகர்களுக்காக வெளியிட்ட சிடி, டிவிடி பராமரிப்புக் கையேடும் நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய வட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

டிவிடியில் கதை கொஞ்சம் வேறு. அங்கே 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவில் தகவல் இருப்பதால், உரித்தாலும் அடுக்கு பெயர்ந்து வராது. ஆனால் தகவல் பதிவாகும் தடங்களுக்கு இடையேயான தூரம் சிடியில் 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிவிடியில் 0.74 மைக்ரான்தான். தடம் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, சிடி தாங்கிக்கொள்ளும் வளைவை டிவிடி தாங்காது. முதல் பாதி நன்றாக ஓடிவிட்டு, ஓரத்தை நெருங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஸ்டிக்கரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இதோடு சமநிலைப் பிரச்சினையும் உண்டு. 52எக்ஸ் வேக டிரைவ் சிடியை நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றுகிறது, அந்த வேகத்தில் மையம் விலகி ஒட்டிய தாள் டிரைவையே அதிர வைக்கும். நடுவில் ஒட்டுவதற்கென்று வரும் கருவி இதற்கு நிஜமாகவே உதவும். ஆனால் மேலே சொன்ன பசை, ஈரம் சமாசாரத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

நேரடி அச்சில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, கவனம் தேவைப்படுவது டிசைனில்தான். 120 மி.மீ. வட்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1417 பிக்சல் சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டின் பெட்டியில் அச்சுப் பகுதியின் அளவு போட்டிருப்பார்கள். சிலதில் உள்விட்டம் 22 மி.மீ. வரை வெள்ளைப் பூச்சு வரும், சிலதில் 40 மி.மீ.யைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். அதைப் பார்க்காமல் அச்சிட்டால் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் வளையத்தில் மை படிந்து பிசுபிசுக்கும். எழுத்தை ரொம்பச் சிறிதாக வைக்காதீர்கள், பூச்சில் மை கொஞ்சம் பரவும், தமிழ் எழுத்தில் மெய்ப்புள்ளியும் 'ணீ', 'றீ' சுழிகளும்தான் முதலில் அடைபடும். ரைட் பண்ணும்போது, அதாவது தகவலைப் பதியும்போது பழுதான வட்டு ஒன்றைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால், அதில் அச்சிட்டுப் பார்த்து இடவலம், மேல்கீழ் நகர்வைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைப் பிறை தெரியும், அதனால் பின்னணி நிறத்தை வட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் நீட்டி விடுங்கள்.

அப்புறம் வரிசை: முதலில் ரைட் பண்ணி, ஓட்டிப் பார்த்து, கடைசியில்தான் அச்சு. அச்சிட்ட வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நேர் வெயில் படாமல், ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், அதை நம்பி உடனே டிரைவில் போட வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. சாதாரண மேட் (பளபளப்பில்லாத) பூச்சில் ஈர விரல் பட்டால் மை கரையும், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதானால் இதை யோசியுங்கள். நீர் தாங்கும் பளபளப்புப் பூச்சுள்ள வட்டு நன்றாகத் தாங்கும், நிறமும் எடுப்பாக இருக்கும், விலை கூடுதல். எப்போதாவது மட்டும் சிடி போடுகிறவர் இதற்கென்றே பிரிண்டர் வாங்கினால், சும்மா கிடந்து மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்தே மை தீரும்.

எச்பி கொண்டுவந்த லைட்ஸ்கிரைப், டிரைவின் லேசராலேயே லேபிளைப் பொறிக்கும் நல்ல யோசனை. ஆனால் ஒரே நிறம்தான், மெதுவானது, வெளிச்சத்தில் மங்கும், அதற்கான வட்டும் டிரைவும் இப்போது தயாரிப்பில் இல்லை. வெப்ப அச்சு பிரிண்டர்கள் மொத்தமாகச் சிடி போடுகிறவர்களுக்கானவை, நான் இயக்கியதில்லை என்பதால் அதில் கருத்துச் சொல்ல மாட்டேன்.

சிடி தட்டு உள்ள பிரிண்டர் இல்லாதவர்களுக்கு நான் ஸ்டிக்கரைச் சொல்ல மாட்டேன். தண்ணீர் மை மார்க்கரால், முடிந்தவரை நடுவில் இருக்கும் தெளிவான வளையத்தில், தலைப்பும் தேதியும் எழுதுங்கள். அலங்காரத்தையெல்லாம் உறைக்குள் போகும் 120 மி.மீ. சதுர அட்டையில் காட்டுங்கள், அது எந்தப் பிரிண்டரிலும் அழகாக வரும், பிடிக்காவிட்டால் வேறு அட்டை போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டிய சிடிகள் இருந்தால் ஸ்டிக்கரில் கை வைக்காமல், அவை இன்னும் ஓடுகிறபோதே உள்ளே இருப்பதைக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள், படிக்கும் வேகத்தைக் குறைக்க முடிந்தால் குறைத்தே எடுங்கள்.