பர்கருக்குள் மீனா, இறாலா?

மூன்று மாதம் முன்பு மகளின் தோழிகள் நாலு பேர் சாப்பிட வந்தார்கள். பர்கர் கேட்டார்கள். முக்கால் கிலோ வஞ்சிரம் வாங்கி, ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டினேன். தோசைக்கல்லில் திருப்பும்போதே இரண்டு உடைந்தன. மீதி, பன்னுக்குள் போய் முதல் கடியிலேயே பின்பக்கமாக உதிர்ந்தது. பர்கர் கேட்ட பிள்ளைகளுக்கு மீன் புட்டு பரிமாறிய பெருமை எனக்கு உண்டு.

அதற்கப்புறம் இறாலில் பல தடவை, நண்டில் ஒரே தடவை செய்து பார்த்தாயிற்று. இப்போது எங்கள் வீட்டில் கடல் பர்கர் என்றால் இறால்தான்.

ருசியில் எதுவும் எதற்கும் குறைந்ததில்லை, அவரவர் நாக்கு. பன்னை வெண்ணெய் தடவி வாட்டுவது, மயோனைஸ், கோஸ் எல்லாம் எதற்கும் ஒன்றுதான். வித்தியாசம் பிடிப்பில் இருக்கிறது. வாயைப் பெரிதாகத் திறந்து அழுத்திக் கடிக்கிற பண்டம் இது. உள்ளே இருப்பது ஒரே வில்லையாக நிற்கவேண்டும்.

வெந்த மீனில் புரதம் ஏற்கெனவே இறுகிவிட்டது. இனி அது தானாக ஒட்டாது. கிழங்கும் முட்டையும் ரஸ்க் தூளும்தான் ஒட்டவைக்கவேண்டும். அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் உருளைக்கிழங்கு கட்லெட்டில் மீன் வாசம் அடிக்கும், அவ்வளவுதான். பச்சை இறால் அப்படி இல்லை. உப்பு போட்டுப் பிசைந்தால் புரதம் கொஞ்சம் கரைந்து பசையாகிறது. சூடு பட்டதும் அந்தப் பசையே இறுகி மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது. முட்டையே தேவைப்படவில்லை.

தலையோடு ஒரு கிலோ வாங்கினால் ஓடும் தலையும் போய் அரைக் கிலோ சொச்சம் தேறும். ஆறு வில்லைக்குப் போதும். எப்படியும் நறுக்கப்போகிறோம், பெரிய இறாலுக்குக் காசு கொட்டவேண்டாம். முதுகு நரம்பை எடுத்துக் கழுவியதும் துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்கவேண்டும். ஒருமுறை அவசரத்தில் இதை விட்டேன். மாவு கரண்டியிலிருந்து வழிந்தது. பாதி இறாலை மிக்ஸியில் போட்டு நிறுத்தி நிறுத்தி இரண்டு சுற்று, மீதியைக் கத்தியால் பட்டாணி அளவுக்கு. முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்துப் பிசைந்து, கையில் அள்ளிப் பாத்திரத்தில் பொத்தென்று இருபது தடவை அடியுங்கள். விரலை எடுத்தால் மாவும் கூடவே வரும். அதுதான் பதம். பச்சை மிளகாய், மல்லித்தழை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் எல்லாம் அதற்கப்புறம்தான். வெங்காயத்தை முன்பே போட்டால் உப்புக்கு நீர் விட்டுவிடும். ஒரு ஸ்பூன் சோள மாவு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், கல்லில் நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் விட்டால் ரப்பர்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நல்ல வஞ்சிரம் அப்போது எட்டாத விலைக்குப் போகும், கிடைப்பதும் பெரும்பாலும் ஐஸில் கிடந்தது. பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலுக்கு அந்தத் தடை இல்லை. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அதே மாதங்களில்தான் வருகிறது.

நண்டைப் பற்றி ஒரு தடவை செய்தவள் என்ற அளவில்தான் சொல்லமுடியும். இனிப்பான சதை, இறாலை விட உசத்தி என்றுகூடச் சொல்வேன். ஆனால் வேகவைத்து உடைத்துச் சதை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. வெந்த சதை என்பதால் உதிரும் சிக்கல் இதிலும் உண்டு. ரசம் வைத்தே குடித்திருக்கலாம்.

மீனுக்கும் நியாயம் சொல்லவேண்டும். முள்ளில்லாத கொடுவாத் துண்டைப் பச்சையாக அரைத்து இதே முறையில் ஒருமுறை செய்தேன், பரவாயில்லாமல் நின்றது. அதை விட நல்லது, அரைக்காமல் துண்டாகவே போடுவது. அமெரிக்காவின் சின்சினாட்டியில், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கர்களுக்காக 1962இல் மெக்டொனால்ட்ஸ் கடையொன்றில் தொடங்கிய மீன் பர்கரும் மாவில் தோய்த்துப் பொரித்த துண்டுதான். மகளின் தோழிகளில் ஒருத்திக்கு இறால் ஒவ்வாது, உதடு தடித்துவிடும். அவள் வருகிற நாளில் முதலில் கொடுவாத் துண்டைத் தனி எண்ணெயில், தனிச் சட்டியில் பொரித்து எடுத்து வைத்துவிட்டுத்தான் இறாலையே வெளியில் எடுக்கிறேன்.