ஜிடெவலப்: கோடிங் தெரியாமல் கேம் செய்ய

ஜிடெவலப் கேம் உருவாக்கும் மென்பொருள்: ஓப்பன் சோர்ஸ், இலவசம், பிரவுசரிலேயே ஓடும். வேலூர்க் கோட்டை அகழியைத் தாண்டி மதிலேறும் கேம் என்று வையுங்கள் (அகழியில் முதலை விடுவது உங்கள் இஷ்டம்). ஆளுக்கு 'பிளாட்ஃபார்மர் கேரக்டர்', மதிலுக்கு 'பிளாட்ஃபார்ம்' பிஹேவியர் (தயாராக வரும் இயக்க விதி) சேர்த்தாலே அம்புக்குறிக்கு நடப்பான், ஸ்பேஸுக்குத் தாவுவான். மதிலைக் கல் கல்லாக அடுக்காமல், டைல்டு ஸ்பிரைட்டாக (ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து நிரப்பும் பொருள்) ஒரே இழுப்பில் நீட்டுங்கள்.

மற்றதெல்லாம் ஈவென்ட்தான்: இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 'ஆள் தண்ணீரைத் தொட்டால் சத்தம்' என்று போட்டால், ஈவென்ட் நொடிக்குச் சுமார் 60 முறை ஓடுவதால் தொட்டிருக்கும்வரை சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் காதைக் கிழிக்கும். 'டிரிகர் ஒன்ஸ்' (ஒருமுறை மட்டும்) நிபந்தனையையும் சேருங்கள், அடங்கிவிடும்.

ஆள் நடக்கும் அசைவுக்கான படங்கள் வெவ்வேறு அளவில் இருந்தால் ஆள் கல்லில் சிக்கி உதறுவான். எல்லாப் படத்துக்கும் ஒரே கொலிஷன் மாஸ்க் (மோதலைக் கணிக்கும் எல்லைக்கோடு) கொடுங்கள்.

இலவசக் கணக்கில் ஆண்ட்ராய்டு பில்டுக்கு (கேமைப் போனில் நிறுவும் ஆப்பாக மாற்றுவது) வரம்பு உண்டு, அதுதான் கடுப்பு. போனில் சோதிப்பதற்காக அதை வீணாக்க வேண்டாம். டெஸ்க்டாப் வெர்ஷனில் வைஃபை வழி பிரிவ்யூ (போனிலேயே ஓட்டிப் பார்க்கும் வசதி) இருக்கிறது.