‘கேஷ்’ நம் காசுதானா? எடிமான்லைன் அகராதி: ஒரு மதிப்பீடு

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ தமிழின் ‘காசு’ போட்ட பிள்ளை என்று அடிக்கடி பகிரப்படுகிறது. அதைச் சரிபார்க்க முதலில் திறக்க வேண்டியது எடிமான்லைன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தனியாளாகத் தொடங்கித் தொகுத்த இணையச் சொற்பிறப்பு அகராதி இது. கட்டணமின்றிப் படிக்கலாம், விளம்பரங்கள் உண்டு.

‘கேஷ்’ என்று தேடினால் வரும் முதல் பொருள் பணமல்ல, பணப்பெட்டி. காலம் 1590கள். பெட்டியைக் குறிக்கும் லத்தீன் ‘காப்ஸா’, இத்தாலிய ‘காஸ்ஸா’, பிரெஞ்சு ‘கேஸ்’ என்று வந்த வழியையும் பதிவு காட்டுகிறது. பெட்டியின் பெயர் மெல்ல உள்ளே கிடந்த பணத்துக்கு ஆகி, 18ஆம் நூற்றாண்டில் பணம் மட்டுமே பொருளாக நின்றுவிட்டது. நாம் ‘இன்று நல்ல கல்லா’ என்கிறோமே, அதே நகர்வுதான்.

பலர் இதோடு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பதிவின் பிற்பகுதியில்தான் நமக்கு வேண்டிய வரி இருக்கிறது: கிழக்கிந்திய நாணயமான ‘கேஷ்’ வேறு சொல், அது தமிழ்க் காசுவிலிருந்து வந்தது, பணப்பெட்டிச் சொல்லோடு அதற்கு உறவில்லை. ஆக, பகிரப்படும் செய்தி பாதி உண்மை. குழப்பம் எங்கே பிறந்தது என்பதைத் தளம் இன்னும் விரித்திருக்கலாம். காசு போர்த்துக்கீசியர் வாயில் ‘கைஷா’ ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’ என்றே பெயர். இரண்டு சொற்கள் அங்கேயே ஒரே உருவம் பூண்டுவிட்டன.

படிக்கும்போது இரண்டு இடங்களில் சறுக்கும். கொடுத்திருக்கும் ஆண்டு சொல் பிறந்த ஆண்டல்ல, கிடைத்த எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையதன் காலம். உடுக்குறி (*) போட்ட வேர் எந்த ஏட்டிலும் கண்டதல்ல, மொழிகளை ஒப்பிட்டு மீட்டமைத்தது. சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள பெயர்ச்சொல், வினைச்சொல் குறிகளையும் விடக்கூடாது. பணம் வாங்கும் ‘கேஷியர்’ பெட்டி வழி வந்தவர். அதே எழுத்துகளில் அமைந்து, பதவியைப் பறித்து வெளியேற்றுவதைக் குறிக்கும் வினையோ டச்சு வழியாக வந்தது, ‘வெறுமை’ என்னும் லத்தீன் சொல்லில் வேர் கொண்டது.

பெரிய குறை, முதல் சான்றாகும் மேற்கோள் வாக்கியங்களைப் பொதுவாகத் தராதது. 1590களில் யார், எந்த வாக்கியத்தில் எழுதினார் என்பது தெரியாது. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான். நாணயக் ‘கேஷ்’ பற்றி மேலும் வேண்டுவோர் 1886இல் வெளியான, ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சனைப் பார்க்கலாம். 1818 வரை சென்னையில் 80 காசு ஒரு ‘பணம்’ என்னும் நாணயம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்னும் பொற்காசு என்ற கணக்கு அதில் கிடைக்கும்; அதாவது வராகனுக்கு 3,360 காசு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம்.

தமிழ்ச் சொற்களை எடிமான்லைன் ரோமன் எழுத்தில் நெடில் குறியின்றி எழுதுகிறது. நம் சொல் அதில் ‘கசு’ என்றும் படிக்க வரும். அப்படியே பிரதி எடுக்காமல், அதே சிகாகோ தளத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘காசு’ என்று தேடுங்கள். பொன், மணி, செப்புக்காசு, குற்றம் என்று எடிமான்லைன் ஒரே வரியில் தாண்டிப் போன பொருள்கள் அங்கே இருக்கின்றன.