வியன்னா: தங்குவது வெளியே, காபி மட்டும் உள்ளே

வியன்னாவில் ராத்திரி தூங்குவதற்காக முதல் மாவட்டத்தில், அதாவது ஊரின் நடுப்பகுதியில், காசைக் கொட்டாதீர்கள். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லக் காரணம், ஊரிலிருந்து கிளம்புகிற எல்லோரும் முதலில் கேட்பது "ஸ்டெஃபான் சர்ச் பக்கத்துலயே ரூம் போட முடியுமா" என்பதுதான். தாராளமாகப் போடலாம், பாதி பட்ஜெட் அங்கேயே போய்விடும், அவ்வளவுதான். நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து ரயிலேறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் வியன்னா. அப்பா அம்மா, சித்தி குடும்பம், தங்கையின் மாமனார் மாமியார் என்று யார் வந்தாலும் கூட்டிப் போகிற ஊர் அதுதான் என்பதால் பல வருஷமாக அந்த ஊரின் பல மூலைகளில் தங்கியாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

வியன்னாவில் மொத்தம் 23 மாவட்டங்கள். நடுவில் இருப்பது முதல் மாவட்டம், அதைச் சுற்றி ரிங் ஸ்ட்ராஸே என்ற அகலமான சாலை. பழைய கோட்டைச் சுவரை இடித்துவிட்டுப் போட்ட சாலை, 1865-இல் திறந்தார்கள். சர்ச், ஹோஃப்பர்க் அரண்மனை, ஆபரா (இசை நாடக அரங்கம்) எல்லாம் இந்த வளையத்துக்குள்ளோ அதை ஒட்டியோதான். பகலில் கூட்டம் அம்மும், கடை சாத்தியதும் பல தெருக்கள் வெறிச்சோடிவிடும். உள்ளே தங்கி என்ன லாபம் என்றால், நடந்தே எல்லாம் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் மெட்ரோவில் இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளித் தங்கினால் அதே இடத்துக்குப் பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம், வாடகையும் கணிசமாகக் குறையும்.

பெட்டி படுக்கையோடு ரயிலில் வருகிறவர்களுக்கு ஹாப்ட்பான்ஹோஃப், அதாவது மத்திய ரயில் நிலையம் பக்கம்தான் என் முதல் சிபாரிசு. சுற்றிலும் புதுக் கட்டடங்கள், லிஃப்ட் உள்ள ஓட்டல்கள், யு-1 மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், அதாவது சர்ச் வாசல். அழகு என்று ஒன்றும் இல்லை, சரி, அழகு பார்க்கத்தான் பகல் முழுக்க ஊர் சுற்றப் போகிறோமே. கொஞ்சம் ஊர்க்களை வேண்டும் என்றால் இரண்டாவது மாவட்டம், லியோபோல்ட்ஸ்டாட். நெஸ்ட்ராய்பிளாட்ஸ் நிறுத்தத்திலிருந்து சர்ச்சுக்கு இரண்டே நிறுத்தம். கார்மெலிட்டர்மார்க்ட் என்று ஒரு சின்னச் சந்தை இருக்கிறது, சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடைகளோடு வந்து நிற்பதைப் பார்க்கலாம். ஏழாவது மாவட்டம் இளசுகளுக்கு ஒத்துவரும், ராத்திரி சத்தம் உண்டு.

தனி வீடு எடுத்துத் தங்குவது ஒரு காலத்தில் மலிவாக இருந்தது. 2024 ஜூலையிலிருந்து ஒரு வீட்டை வருஷத்துக்கு 90 நாளுக்கு மேல் இப்படி விட வேண்டும் என்றால் சிறப்பு அனுமதி வேண்டும் என்று மாநகரம் சட்டம் போட்டுவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காமல் போகிறதே என்பதுதான் காரணம், நியாயம்தான். பழைய வீடு எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயத்தை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, லிஃப்ட். வியன்னாவின் நூறு வருஷத்துக் கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே ஹோஹ்பார்ட்டேர் என்று ஒரு தளம், அதற்கு மேல் மெஸ்ஸனின் என்று இன்னொன்று, இந்த இரண்டையும் தாண்டித்தான் சில கட்டடங்களில் "முதல் மாடி" ஆரம்பிக்கும். நம் கணக்குக்கு அது மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி என்று சொல்லி வாடகைக்கு விட்ட ஒரு புண்ணியவானின் வீட்டுக்கு மூட்டு வலியோடு சித்தி ஏறிய ஏற்றத்தை இன்றைக்கும் குடும்ப வாட்ஸாப்பில் சொல்லிக் காட்டுகிறார்கள். இரண்டு, ஏசி. ஜூலை ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு, பழைய வீடுகளில் மின்விசிறி கூட இருக்காது, தடிச் சுவர் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கத் துப்பிக்கொண்டிருக்கும்.

இனி சாப்பாடு.

முதலில் ஷ்னிட்ஸெல், அதாவது இறைச்சியை மெல்லிசாகத் தட்டி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. அசைவக்காரர்கள் எல்லோரும் கேட்பது இதுதான், அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெனுவில் வெறுமனே "வீனர் ஷ்னிட்ஸெல்" என்று இருந்தால் அது கன்றுக்குட்டி இறைச்சி, அங்கே சட்டமே அப்படித்தான். பன்றி என்றால் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் ஹூனர் ஷ்னிட்ஸெல், அதாவது கோழி, இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் இருக்கும். 1905-இலிருந்து நடக்கும் ஃபிக்ல்முல்லரில் தட்டை விட்டு வெளியே வழிகிற அளவுக்குப் பன்றி ஷ்னிட்ஸெல் போடுவார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் பசி போய்விடும். தெருமுனை காஸ்ட்ஹவுஸ் (உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடை) எதிலும் இதற்கு ரொம்பக் குறைச்சலாக இருக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் "மிட்டாக்ஸ்மெனு" என்று வாசலில் கரும்பலகை வைத்திருக்கும் கடையைப் பாருங்கள், சூப்பும் ஒரு முக்கிய உணவும் 10 முதல் 15 யூரோவுக்குள் முடிந்துவிடும், அதே கடையில் ராத்திரி போனால் அந்தக் காசுக்கு ஒரு தட்டுதான். இரண்டு மணிக்கு மேல் போய் நிற்காதீர்கள், பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

சைவக்காரர்கள் ஏமாறும் இடம் சூப். ஃபிரிட்டாட்டன் சூப் என்று ஒன்று வரும், தெளிந்த ரசம் போல இருக்கும், மேலே தோசையை நூல் நூலாக நறுக்கிப் போட்ட மாதிரி மிதக்கும், பார்த்தால் பரம சைவம். அந்த ரசம் மாட்டெலும்பில் கொதிக்க வைத்தது. கேட்காமல் ஸ்பூனை வைக்காதீர்கள். கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸில் புரட்டிய மாவுத் துணுக்குகள், மேலே பொரித்த வெங்காயம்) பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடலாம், ஆனால் வயிறு கனக்கும். என் சிபாரிசு, மதியத்துக்கே இனிப்பைச் சாப்பிட்டுவிடுங்கள். அங்கே அது ஒன்றும் வினோதமில்லை. கைசர்ஷ்மாரன் என்று, தடிமனாக ஊற்றிய பான்கேக்கைக் கிழித்து வெண்ணெயில் வதக்கி, சர்க்கரைப் பொடி தூவி, பிளம் பழக் கூழோடு தருவார்கள். ஒருவருக்கென்று வருவதை இரண்டு பேர் சாப்பிட்டாலும் மிஞ்சும். கோடையில் போனால் மாரில்லன் க்னோடல், முழு ஆப்ரிகாட் பழத்தை மாவில் பொதிந்து வேகவைத்து வறுத்த ரொட்டித்தூளில் உருட்டியது. எங்கள் அம்மா கொழுக்கட்டையைத் தவிர இன்னொன்றைக் கொழுக்கட்டை என்று ஒத்துக்கொண்டது இதை மட்டும்தான்.

மூன்றாவது நாள் எல்லோருக்கும் சோற்று நினைப்பு வந்துவிடும். அதற்கு ஷாட்டன்டோர் பக்கத்தில், லீஹ்டன்ஷ்டைன் ஸ்ட்ராஸேயில், வீனர் தீவான் இருக்கிறது. பாகிஸ்தானிச் சாப்பாடு, 2005-இலிருந்து நடக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடலாம், எழுந்து போகும்போது நமக்கு நியாயம் என்று பட்டதைக் கொடுக்கலாம். குடிக்கிறதுக்கு மட்டும்தான் விலை உண்டு. சோறு, பருப்பு, சைவக் கறிகள், கறிக்குழம்பு என்று இருக்கும். காரம் நமக்குப் பத்தாது. மாணவர்கள் பக்கத்து மேஜையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "இலவசம்" என்று நினைத்து இரண்டு யூரோவை நீட்டிவிட்டு வராதீர்கள், அசிங்கம்.

இப்போது காபி, இதற்குத்தான் முதல் மாவட்டத்துக்குள் போக வேண்டும், இங்கேதான் காசு செலவழிக்கவும் வேண்டும். மெலாஞ்ச் என்று கேளுங்கள், நுரைத்த பாலோடு வரும், ஐந்தாறு யூரோ ஆகும். "காபிக்கு ஐநூறு ரூபாய்க்கு மேலயாடா?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காசு காபிக்கு மட்டும் இல்லை. ஒரு சின்ன வெள்ளித் தட்டில் கோப்பை வரும், பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், தம்ளரின் வாய் மேல் ஸ்பூனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாயில் நேராக ஊருக்கு வருவது, முதல் குழாய் 1873-இலேயே வந்துவிட்டது. குடித்து முடித்தால் நல்ல கடைகளில் கேட்காமலே இன்னொரு தம்ளர் வைப்பார்கள். அதற்கப்புறம் நீங்களாகக் கூப்பிடும்வரை பில் வராது. ஒரு காபியை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், யாரும் மேஜையைத் துடைக்கிற சாக்கில் வந்து முறைக்க மாட்டார்கள். மரச் சட்டத்தில் செருகிய செய்தித்தாள்களை எடுத்து, ஒரு வரி ஜெர்மன் தெரியாத அப்பா படம் படமாகப் புரட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பரிசாரகர்கள் கோட்டு போட்டுக்கொண்டு சிடுசிடுவென்றுதான் இருப்பார்கள், நம் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோரிடமும் அப்படித்தான்.

கஃபே சென்ட்ரல் உள்ளே மேல்கூரை பிரமாதம், வாசல் வரிசை அதைவிடப் பிரமாதம், நான் இப்போதெல்லாம் வெளியிலிருந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். என் இடம் ரிங்குக்குச் சற்று வெளியே கும்பண்டார்ஃபர் ஸ்ட்ராஸேயில் உள்ள கஃபே ஷ்பெர்ல். 1880-இல் ஆரம்பித்தது, தேய்ந்துபோன சோபா, பில்லியர்ட்ஸ் மேஜை, அவசரமே இல்லாத ஒரு காற்று. உள்ளேயே வேண்டும் என்றால் ஸ்டூபன்டோர் பக்கம் ப்ரூக்கல். ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்றால் ஹவெல்கா, இருட்டாக இருக்கும், அந்த நேரத்தில்தான் பிளம் ஜாம் வைத்த புக்டல்ன் பன் சூடாக வரும். ஸாக்கர் டோர்ட் பற்றிக் கேட்பீர்கள். 1832-இல் ஃபிரான்ஸ் ஸாக்கர் செய்ததாகச் சொல்லும் அந்தச் சாக்லெட் கேக்குக்காக ஸாக்கர் ஓட்டலும் டெமல் கடையும் ஆப்ரிகாட் ஜாமை எங்கே தடவுவது, "ஒரிஜினல்" என்று யார் எழுதிக்கொள்வது என்று வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள், 1960-களில்தான் ஓய்ந்தது. ஒரு தடவை, ஒரு துண்டை நாலு பேர் பங்குபோட்டுச் சாப்பிடுங்கள், போதும். க்ரீம் இல்லாமல் சாப்பிட்டால் தொண்டையில் நிற்கும்.

டிப்ஸ் கொடுப்பதில் ஒரு பழக்கம் இருக்கிறது. மேஜையில் சில்லறையை வைத்துவிட்டு வரக் கூடாது, பில் 27.40 என்றால் பணத்தை நீட்டும்போதே "முப்பது" என்று சொல்லிவிட வேண்டும். கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன, கையில் கொஞ்சம் நோட்டு இருக்கட்டும். அதை வங்கி வாசல் ஏடிஎம்மில் எடுங்கள், சுற்றுலா இடங்களில் தனியாக நிற்கும் பளபளப்பான மெஷின்களில் வேண்டாம், கட்டணம் தீட்டிவிடும்.

ஷாப்பிங்கில் முக்கியமான செய்தி ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்தினால் திங்கள்தான். பால், ரொட்டி, தயிர் வேண்டும் என்றால் ஹாப்ட்பான்ஹோஃப், ப்ராட்டர்ஷ்டெர்ன் மாதிரிப் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், ஊரே அங்கேதான் நிற்கும். அதனால் சனிக்கிழமை காலையைச் சந்தைக்கு ஒதுக்குங்கள். நாஷ்மார்க்ட் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் நடுச் சந்தில் ஆலிவையும் வறுத்த பருப்பையும் நம் கையில் திணித்துச் சுவை காட்டும் கடைகளில் விலை கேட்காமல் பொட்டலம் கட்டச் சொல்லாதீர்கள். கால் கிலோவுக்கு மேலேயே அள்ளிப் போட்டுத் தராசைத் திருப்பிக் காட்டுவார்கள். சனிக்கிழமைகளில் அதன் மறுகோடியில், கெட்டன்ப்ரூக்கன்காஸே நிறுத்தத்துக்கு வெளியே, பழைய பொருள் சந்தை கூடும், அது வேடிக்கைக்கே போகலாம். பித்தளைச் சாமான், கீறல் விழுந்த இசைத்தட்டு, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் எல்லாம் விற்பார்கள்.

நான் காய்கறி வாங்குவது ப்ரூனென்மார்க்ட்டில். 16-ஆவது மாவட்டம், யு-6 மெட்ரோ. துருக்கி, பால்கன் நாட்டுக்காரர்கள் கடை நிறைய, கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், கத்தரிக்காய் எல்லாம் கிடைக்கும், முடியும் இடத்தில் யூப்பன்பிளாட்ஸ் என்று கஃபேக்கள் சூழ்ந்த சதுக்கம். சமையலறை உள்ள இடத்தில் தங்கினால் ஏழாவது மாவட்டத்தில் கேரளத்துக்காரர்களின் ப்ரோசி கடைக்குப் போய்விடுங்கள், மீதி மளிகைக்குக் கவலையில்லை. கேரளத்து நர்ஸுகள் எழுபதுகளிலிருந்தே வியன்னாவுக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள், அதன் புண்ணியம்.

ஊருக்கு வாங்கிப் போக, கடைவீதியில் படம் போட்ட சாக்லெட் பெட்டிகளை விட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் மன்னர் (Manner) கம்பெனி வேஃபர் மேல். அங்கே பூசணி விதை எண்ணெய் ஒன்று கிடைக்கும், கரும்பச்சை நிறம், பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, எனக்குத் தயிரில் ஊற்றிச் சாப்பிடப் பிடிக்கும். தண்ணீர் பாட்டிலை வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர்தான் சொன்னேனே. வாங்கினால் காலி பாட்டிலை எறியாதீர்கள், 2025-இலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள், கடையில் உள்ள மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

பெரிய செலவு, கோட்டு, ஷூ என்று வாங்குகிறவர்கள் ஒரே பில் 75 யூரோவைத் தாண்டினால் வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வசிப்பவர்களுக்குத்தான் அது, பில்லை உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் போட வேண்டும், எங்களைப் போல இங்கே இருப்பவர்கள் பெயரில் போட்டால் செல்லாது. சுங்க முத்திரை வியன்னாவில் வாங்க வேண்டியதில்லை, எந்த ஊரிலிருந்து யூனியனை விட்டு விமானம் ஏறுகிறீர்களோ அங்கே. பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்னால் பொருளைக் காட்டச் சொல்வார்கள், அதனால் வாங்கின கோட்டை அடியில் வைத்து மேலே மன்னர் வேஃபரை அடுக்காதீர்கள்.