படகுக்கு லைப்போ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: சார்ஜ் போடும் முன் எடை போடுங்கள்

ஆர்சி படகு (ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகு) ஓட்டும் நண்பர்களே, இணையத்தில் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் 70 செ.மீ. பிரஷ்லெஸ் மோட்டார் படகுக்காக ஓர் இணையக் கடையில் 3எஸ் (மூன்று செல்களைத் தொடராக இணைத்த) லைப்போ பேக் வாங்கினேன். உறையில் 11.1 வோல்ட், 5000 எம்ஏஎச், 50சி என்று போட்டிருந்தது. எம்ஏஎச் என்பது கொள்ளளவு, 5000 என்றால் 5 ஆம்பியர்-மணி. 50சி என்றால் அந்த எண்ணைப் போல 50 மடங்கு ஆம்பியர் தரும் என்று பொருள். விலை மற்ற கடைகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு, சந்தேகம் வரும் அளவுக்கு மலிவு இல்லை.

முழுசாக ஏற்றி ஏரியில் விட்டேன். படகு முழு வேகத்தில் 60 ஆம்பியர் வரை இழுக்கும். 5000 உண்மையாக இருந்தால் அந்த வேகத்திலேயே நாலு நிமிடத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை, வோல்ட் சரிந்து இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாரை நிறுத்திவிட்டது. காற்று தள்ளிக் கரை சேர்ந்த படகின் மூடியைத் திறந்தால் பேட்டரி தொட முடியாத சூடு. நடுவில் உப்பியும் இருந்தது.

உப்பிய லைப்போ தீப்பிடிக்கக்கூடியது. ஆர்சி காரிலாவது காற்று பட்டுக் கொஞ்சம் ஆறும். படகில் நீர் புகாமல் மூடியை டேப் போட்டு அடைக்கிறோம், சூடு போக வழியே இல்லை. புரொப்பெல்லருக்கும் ஓய்வு கிடையாது. பாசி சுற்றிக்கொண்டால் ஆம்பியர் இன்னும் ஏறும். சி எண்ணில் பொய் சொன்ன பேக்கைப் படகில் போடுவது அவ்வளவு ஆபத்து.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "ஒருமுறை சார்ஜ் போட்ட பேட்டரியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. சார்ஜ் போடாமல் கொள்ளளவை எப்படித்தான் பார்ப்பது? எடையை வைத்துப் பார்க்கலாம். சமையலறைத் தராசில் வைத்தேன்: 212 கிராம். நல்ல 3எஸ் 5000 பேக் ஏறக்குறைய 350 முதல் 420 கிராம் வரை இருக்கும். கணக்கு எளிதுதான். 11.1 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 55.5 வாட்-மணி. நாம் வாங்கும் லைப்போவில் ஒரு கிலோவுக்கு 150 வாட்-மணி அளவில்தான் அடங்கும். அப்படியென்றால் 212 கிராமில் 2900 எம்ஏஎச் இருந்தாலே அதிகம். முதல் சார்ஜின்போது சார்ஜர் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. புது பேக் செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில், சுமார் பாதி நிரம்பித்தான் வரும். மீதி 2500 ஏற வேண்டிய இடத்தில் 1400 தாண்டவில்லை.

வயரையும் பாருங்கள். 5000-க்கு 50சி என்றால் 250 ஆம்பியர். இதில் 14 கேஜ் வயர்தான் இருந்தது (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்). அந்த அளவு கரண்ட் தருவதாகச் சொல்லும் பேக்கில் 12 அல்லது 10 கேஜ் இருக்க வேண்டும்.

அதே கடை 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்களை 9900 எம்ஏஎச் என்றும் விற்கிறது. அதைத் தொடவே வேண்டாம். பெயர் பெற்ற நிறுவனங்களின் செல்களே 3500 பக்கத்தில் நின்றுவிடுகின்றன, ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். மெதுவாகப் போகும் இழுவைப் படகு மாதிரிகளுக்கு 7.2 வோல்ட் நிக்கல் பேக்கோ சின்ன லெட்-ஆசிட் பேட்டரியோ போதும். அவற்றின் கனம் படகை நீரில் சரியாக அமர வைக்கவும் உதவும்.

அப்புறம், "ரிட்டர்ன் கிடையாது" என்றதும் விட்டுவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. கடையின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தராசுப் படமும் சார்ஜர் படமும் இணைத்து எழுதினேன், பதில் இல்லை. இப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் ஆர்டர் போடும் முன்பே எடை எத்தனை கிராம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். பார்சல் வந்ததும் பிரித்து, தராசில் வைப்பது வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். எடை குறைந்தால் சார்ஜரில் மாட்டாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.