மேலே வலையா, கீழே கம்பியா? வடசென்னைக் கோழிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

காசிமேடு துறைமுகத்துக்கு மேலேயும் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு மேலேயும் எந்நேரமும் பருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் நம் பக்கம் நாலு நாட்டுக்கோழி வாங்கி விடுபவர்கள் முதலில் பயப்படுவது வானத்தைப் பார்த்துத்தான். கையில் இருக்கும் காசெல்லாம் கூரை வலைக்கே போய்விடும். என்னைக் கேட்டால், மேலே குறைவாகவும் கீழே தாராளமாகவும் செலவழிக்க வேண்டும்.

நாம் தினமும் பார்க்கும் கரும்பருந்து சிறகை விரித்தால் ஏறக்குறைய 5 அடி இருக்கும். ஆனால் அதன் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். ஒன்றரை கிலோ பெட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க அதனால் முடியாது. அதற்கு வேண்டியது குஞ்சு. புறா அளவே இருக்கும் வல்லூறும் குஞ்சைத்தான் குறிவைக்கும், மரத்தடியில் தாழ்வாகப் பாய்ந்து வந்து தூக்கும். காக்காயையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வளர்ந்த கோழி செத்துக் கிடந்தால் முதலில் நாய், பூனை, கீரியைச் சந்தேகியுங்கள்.

குஞ்சுக்குப் பஞ்சாரமா (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை), வலையா? ஒரே ஒரு தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும் என்றால் பஞ்சாரமே போதும். கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் பருந்தும் காக்காயும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நாள் முழுக்க அதற்குள்ளேயே கிடந்தால் குஞ்சுக்குப் புழு பூச்சி கிடைக்காது. தெருநாய் முட்டினால் பஞ்சாரமே உருண்டுவிடும். இரண்டு மூன்று தாய்க்கோழி இருந்தால் வலைதான் சரி.

வலைக்குக் கடைக்குப் போகும் முன் காசிமேட்டுப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். கிழிந்து ஒதுக்கிய பழைய மீன்வலை நம் வேலைக்குத் தாராளம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு வலையை வாங்காதீர்கள். கோழியின் கால் அதில் சிக்கினால் அறுத்துவிடும், பருந்து சிக்கினாலும் பாவம். முறுக்கிய நைலான் கயிற்றில் பின்னிய தடித்த வலையாகப் பார்த்து வாங்கி, தொய்வில்லாமல் இழுத்து ஆளுயரத்துக்கு மேலே கட்டுங்கள். வெயிலில் நைலான் நாளாக ஆக இற்றுப்போகும். முருங்கை மரத்தடியில் கட்டினால் சருகு சேர்ந்து மழையில் பாரமாகித் தொங்கும், அவ்வப்போது உதறிவிட வேண்டும்.

பழைய சி.டி. தொங்கவிடுவது, ஜிகினாத் தாள் கட்டுவது எல்லாம் சில நாள் வேடிக்கை. மீன் சந்தையில் மனிதர் கைக்கருகே வந்து குடலைக் கொத்திப்போகும் பறவை ஒரு சி.டி.க்கா பயப்படும்? அதைவிட, மீன் ஆய்ந்த செதிலையும் குடலையும் மொட்டை மாடியில் எறியாமல் இருந்தாலே பாதி பருந்து குறையும். நாமே விருந்து வைத்துவிட்டு வலையும் கட்டுவானேன்?

கினிக்கோழி வளர்க்கச் சொல்பவர்களும் உண்டு. பருந்தைப் பார்த்ததும் ஊரையே கூட்டும், உண்மைதான். மாதவரம், புழல் பக்கம் காலி மனை நடுவே வீடென்றால் வளர்க்கலாம். ராயபுரத்துச் சந்தில் வளர்த்தால் பருந்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

அப்புறம் கீழே. இங்கேதான் போட்டி, கோழி வலைக்கும் வெல்டு மெஷ்ஷுக்கும் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை). அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலை விலை குறைவு, வளைக்கவும் சுலபம். ஆனால் அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாய் உள்ளே வராமல் தடுக்காது. பல்லால் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் விலை கூடுதல்தான். ஆனால் பூனைக் கால் நுழையாது, பெருச்சாளி நுழையாது, கோழி முட்டையை விழுங்கும் அளவுள்ள பாம்பும் நுழையாது. எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று எந்தக் கம்பியையும் தின்னும், அதனால் பிளாஸ்டிக் பூசியதை வாங்குங்கள். எப்போதும் ஈரத்தில் நிற்கும் அடி வரிசைதான் முதலில் துருப்பிடிக்கும், அதை அடிக்கடி தட்டிப் பாருங்கள்.

மணலி, மாதவரம் புதர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீரித் தொல்லை தனி. அது பகலில் வேட்டையாடும், எனவே ராத்திரி கூட்டை மட்டும் பூட்டினால் பயனில்லை. மண்ணைத் தோண்டியும் வரும். மெஷ்ஷை ஒரு அடி ஆழம் புதைக்கலாம், அல்லது வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையில் படுக்க வைத்து மேலே கல் அடுக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது: குழி வெட்டும் வேலை இல்லை, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டும் போகலாம். நெருக்கமான தெருக்களில் பூனையும் பெருச்சாளியும்தான் எதிரி. அங்கே சிமென்ட் தரையும் இருட்டும் முன் மூடும் கதவும் இருந்தால் போதும்.

விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் வேண்டவே வேண்டாம். பருந்து, வல்லூறு, கீரி மூன்றுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எலி விஷம் தின்று செத்த பெருச்சாளியைக் கொத்தினால் உங்கள் கோழிக்கும் ஆபத்து.

ராத்திரிக் கூட்டைத் தரையோடு வைக்காமல் இரண்டு அடி கால் கொடுத்துத் தூக்கி வையுங்கள், தாழ்வான தெரு என்றால் மூன்று அடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீர் நினைவிருக்கும். அப்படி வெள்ளம் வந்தால் வளையை விட்டு வெளியேறும் பெருச்சாளியும் பாம்பும் மேடு தேடித்தான் ஏறும், அந்த நேரத்தில் கூட்டின் அடிப்பலகையிலும் மெஷ் அடித்திருக்க வேண்டும்.